ஆளே இல்லாத அரங்கில் ஒரு ராக் கச்சேரி: பிங்க் ஃபிளாய்டின் பொம்பெயி படத்தை வீட்டு டிவியில் எப்படிப் பார்ப்பது? முழு விளக்கம்

2025 ஜனவரி 26. அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் கோல்ட்பிளே இசைக்குழுவின் கச்சேரி. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேரில் பார்த்தார்கள். அதே நேரத்தில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் அது நேரலையாகவும் ஓடியது. டிக்கெட் கிடைக்காதவர்கள், விமானத்துக்குக் காசு இல்லாதவர்கள், லீவு கிடைக்காதவர்கள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அப்போது சோஷியல் மீடியாவில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி ஒன்றுதான்: "என்ன இருந்தாலும் நேர்ல பார்க்கிற மாதிரி வருமா?"

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி. (சேலம் ஆத்தூர் இல்லை. காமராஜர் அணை இருக்கும் ஆத்தூர்.) இங்கே நேரடி இசை என்றால் திருவிழா மேடையில் லைட் மியூசிக், கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம், கல்யாண வீட்டு மைக் செட். பெரிய இசைக்குழுவின் கச்சேரியைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டும். டிக்கெட், போக்குவரத்து, தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி காலி. செலவு செய்தாலும் உத்தரவாதம் இல்லை. 2023 செப்டம்பர் 10-ம் தேதி சென்னை ஈசிஆரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில், டிக்கெட் வாங்கிய பலரே கூட்ட நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் பெரிய கச்சேரியெல்லாம் நமக்கு இல்லையா? அரை நூற்றாண்டுக்கு முன்பு எடுக்கப்பட்ட ஒரு படம் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் எடுக்கப்பட்ட கச்சேரிப் படம் அது. அந்தப் படம் என்ன, அதை வீட்டில் ஒழுங்காகப் பார்க்க என்ன செய்யணும் என்பதை இங்கே பார்ப்போம்.

கச்சேரிப் படம் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நேரலை என்பது நடக்கும்போதே காட்டுவது. 'பொஹீமியன் ராப்சடி' (2018) மாதிரிப் படங்களில் நடிகர்கள் இசைக்கலைஞர்களாக நடிப்பார்கள். அது வாழ்க்கைக் கதை. கச்சேரிப் படம் இந்த இரண்டும் இல்லை. உண்மையான இசைக்குழு, உண்மையாக வாசித்ததை, பல கேமராக்களில் எடுத்து, பொறுமையாக எடிட் செய்து, ஒலியைத் தனியாகக் கலந்து, தியேட்டரில் சினிமாவாகவே வெளியிடுவது.

இந்த வகைப் படங்கள் செழித்த காலம் 1960-களின் கடைசியும் 70-களும். அதில் 1971-ம் ஆண்டு ரொம்ப முக்கியம். இரண்டு மாத இடைவெளியில் இரண்டு கச்சேரிகள் படமாக்கப்பட்டன. இரண்டும் நேரெதிர்த் துருவங்கள்.

முதல் கச்சேரி: 40 ஆயிரம் பேர், ஒரு சிதார்

1971 ஆகஸ்ட் 1. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். 1970 நவம்பரில் அடித்த போலா புயல், அதற்கடுத்து 1971-ல் வெடித்த போர் என்று கிழக்குப் பாகிஸ்தான் சிதைந்துகொண்டிருந்தது. லட்சக்கணக்கில் அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். வங்காளக் குடும்பத்தில் பிறந்த சிதார் மேதை பண்டிட் ரவிசங்கர், தன் சீடரும் நண்பருமான பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 'தி கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்'. மதியம் ஒன்று, இரவு ஒன்று என இரண்டு காட்சிகள். மொத்தம் சுமார் 40 ஆயிரம் பேர் பார்த்தார்கள். எரிக் கிளாப்டன், பாப் டிலன், ரிங்கோ ஸ்டார் என்று மேடை முழுக்க ராக் உலகப் பெரும்புள்ளிகள்.

முதலில் மேடையேறியவர்கள் நம்ம ஆட்கள்: சிதாரில் ரவிசங்கர், சரோடில் அலி அக்பர் கான், தபேலாவில் அல்லா ரக்கா, தம்பூராவில் கமலா சக்ரவர்த்தி. அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. அதையே பாட்டு என்று நினைத்துவிட்டார்கள்! சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசித்தால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்ற பொருளில் ரவிசங்கர் சிரித்துக்கொண்டே சொன்னது படத்தில் அப்படியே இருக்கிறது.

இந்தப் படத்தில் கூட்டமும் ஒரு பாத்திரம். அவர்கள் கத்தல், கைதட்டல், தவறு எல்லாம் சேர்ந்துதான் படம். வீட்டில் பார்க்கும்போது நாம் அந்தக் கூட்டத்தின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறோம்.

இரண்டாவது கச்சேரி: ஒருத்தர்கூட இல்லை

இனி நம்முடைய படம். 1971 கோடையில் ஏட்ரியன் மேபன் என்ற இளம் இயக்குநர் இத்தாலியில் பொம்பெயி நகர இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கப் போனார். வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-ல் வெடித்தபோது சாம்பலில் புதைந்துபோன ஊர் அது. திரும்பி வந்த பிறகுதான் பாஸ்போர்ட்டைக் காணவில்லை என்று தெரிந்தது. எங்காவது விழுந்திருக்கும் என்று மாலையில் மறுபடி உள்ளே போனார். பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. ஆனால் பொழுது சாயும் நேரத்தில், யாருமே இல்லாத அந்த ரோமானிய அரங்கத்தின் நிசப்தம் அவரை உலுக்கியது. பிங்க் ஃபிளாய்டை வாசிக்க வைக்க இதுதான் இடம் என்று முடிவு செய்தார்.

அந்த அரங்கம் கி.மு. 70 வாக்கில் கட்டப்பட்டது. சுமார் 20 ஆயிரம் பேர் உட்காரலாம். அதில் ஒரு ஆளையும் உட்கார வைக்காமல் கச்சேரி நடத்துவது என்பதுதான் மேபனின் யோசனை. அந்தக் காலத்து ராக் படங்கள் எல்லாம் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, இவர் கூட்டத்தையே வெட்டி எறிந்தார். நேப்பிள்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் உதவியால் சில நாட்களுக்கு அரங்கத்தைப் பூட்டித் தர அனுமதி கிடைத்தது.

இசைக்குழு ஒரே ஒரு நிபந்தனை போட்டது. வாயசைப்பு கிடையாது, நிஜமாகவே வாசிப்போம் என்றது. லண்டனில் இருந்து ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ட்ரம்ஸ் எல்லாம் லாரியில் வந்து இறங்கின.

அங்கேயும் கரண்ட் பிரச்சனை!

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை அனுபவித்தவர்களுக்கு அடுத்து நடந்தது நன்றாகப் புரியும். எல்லாம் தயார், ஆனால் அரங்கத்தில் போதுமான மின்சாரம் இல்லை. கருவிகளை ஆன் செய்யவே முடியவில்லை. கையில் இருந்ததே சில நாட்கள்தான், அதிலும் கணிசமான பகுதி இப்படியே வீணாகப் போனது. கடைசியில் ஊருக்குள்ளிருந்து நீளமாக கேபிள் இழுத்து வந்து இணைப்பு கொடுத்தார்கள். மிச்சமிருந்த நேரத்தில் அவசர அவசரமாகப் படமாக்கினார்கள்.

அதனால் முழுப் படத்துக்கும் பொம்பெயியில் எடுத்த காட்சிகள் போதவில்லை. 'எக்கோஸ்', 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்', 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' ஆகியவை அங்கே எடுக்கப்பட்டவை. மீதியைப் பாரிஸ் ஸ்டுடியோவில் எடுத்துச் சேர்த்தார்கள். 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பாடலில் கேமரா ஏன் ட்ரம்மரையே சுற்றிச் சுற்றி வருகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். மற்றவர்களை எடுத்த படச்சுருள்கள் தொலைந்துபோனதுதான் காரணம். இருந்ததை வைத்து எடிட் செய்தார்கள், அதுவே படத்தின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்றாக அமைந்துவிட்டது. நடுவில் ட்ரம்மர் நிக் மேசன் கையிலிருந்து ஒரு குச்சி நழுவும். தாளம் தவறாமல் இன்னொன்றை எடுத்துத் தொடர்வார். கண் சிமிட்டினால் தவறவிடுவீர்கள்.

யார் இந்த பிங்க் ஃபிளாய்ட்?

1965-ல் லண்டனில் உருவான குழு. படத்தில் இருப்பவர்கள் நான்கு பேர்:

- டேவிட் கில்மர்: கிடார், பாட்டு
- ரோஜர் வாட்டர்ஸ்: பேஸ் கிடார், பாட்டு
- ரிச்சர்ட் ரைட்: கீபோர்டு, பாட்டு
- நிக் மேசன்: ட்ரம்ஸ்

அப்போது அவர்கள் இன்னும் உலகப் பிரபலம் ஆகவில்லை. அவர்களை உச்சத்துக்குக் கொண்டுபோன 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் 1973 மார்ச்சில்தான் வந்தது. பொம்பெயி படம் முதலில் 1972-ல் ஒரு மணி நேரப் படமாக வெளியானது. பிறகு 'டார்க் சைட்' ஆல்பத்துக்காக அவர்கள் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் வேலை செய்யும் காட்சிகளையும் சேர்த்து நீளமாக்கினார்கள். உச்சத்துக்கு ஒரு படி கீழே நிற்கும் நான்கு இளைஞர்களை அவர்களுக்கே தெரியாமல் பிடித்து வைத்த படம் இது.

50 வருஷத்துக்குப் பிறகு ஏன் மறுபடி பேச்சு?

2025 ஏப்ரலில் இந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு உலகின் பல தியேட்டர்களில், ஐமேக்ஸ் திரைகளில் உட்பட, மறுபடி வெளியானது. குழுவின் சொந்தக் கிடங்கில், பெயர் எழுதப்படாத ஐந்து டப்பாக்களில் அசல் 35 எம்.எம். நெகட்டிவ் கிடைத்ததுதான் காரணம். அதிலிருந்து ஒவ்வொரு ஃபிரேமாக 4கே தரத்தில் ஸ்கேன் செய்தார்கள். ஒலியை ஸ்டீவன் வில்சன் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் புதிதாகக் கலந்தார். மே மாதம் ப்ளூ-ரே டிஸ்க்கும் வந்தது.

ஐமேக்ஸ் என்றால் நமக்குக் கோவை அல்லது சென்னைதான். திண்டுக்கல்லில் இருந்து கோவையே சுமார் 150 கிலோமீட்டர். அதுவும் இப்படிப்பட்ட மறுவெளியீடுகள் தியேட்டரில் சில நாட்கள்தான் ஓடும். ஆக, ஆத்தூர்க்காரருக்கு இந்தப் படத்தின் அரங்கம் வீட்டு ஹால்தான்.

இந்தப் படத்தைப் பொறுத்தவரை அது குறையே இல்லை. மற்றக் கச்சேரிப் படங்களில் "நான் அங்கே இல்லையே" என்ற ஏக்கம் இருக்கும். இங்கே யாருமே இல்லை! லண்டன்காரரும் அங்கே இல்லை, ரோம்காரரும் இல்லை. அந்தக் கச்சேரிக்கு டிக்கெட்டே விற்கப்படவில்லை. படம் பார்ப்பவர்தான் அதன் முதல் பார்வையாளர். நியூயார்க்கில் தியேட்டரில் பார்த்தவருக்கும் ஆத்தூரில் டிவியில் பார்ப்பவருக்கும் கிடைப்பது ஒரே இருக்கை. வித்தியாசம் வருவது ஒரே இடத்தில்தான்: காதுக்கு வந்து சேரும் ஒலி.

வீட்டு டிவியில் சத்தம் ஏன் சப்பென்று இருக்கிறது?

பழைய டப்பா டிவிக்கு உள்ளே இடம் இருந்தது. ஓரளவு பெரிய ஸ்பீக்கரை நம்மைப் பார்த்து வைக்க முடிந்தது. இப்போதைய டிவி அப்பளம் மாதிரி. உள்ளே இருப்பது சின்ன ஸ்பீக்கர், அதுவும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்னாலோ இருக்கும். பேச்சு தெளிவாகக் கேட்கும், செய்தி பார்க்கப் போதும். ஆனால் இசைக்குத் தேவையான ஆழ்ந்த ஒலி வராது.

பேஸ் கிடாரின் மிகத் தடித்த கம்பி எழுப்பும் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். பெரும்பாலான டிவி ஸ்பீக்கர்கள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனாலே திணறிவிடும். தவிலில் வலந்தலை மட்டும் கேட்டு, குச்சி விழும் பக்கத்தின் கனத்த அடி கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவில் என்று சொல்வீர்களா? டிவி ஸ்பீக்கரில் கேட்கும் ராக் இசையும் அப்படித்தான். ரோஜர் வாட்டர்ஸ் வாசிக்கிறார் என்று கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது.

பெரிய செலவு இல்லாமல் என்ன செய்யலாம்?

1. ஹெட்போன்: தனியாகப் பார்ப்பதாக இருந்தால் இதுதான் மலிவான வழி. காதை மூடும் வகையில் வயர் ஹெட்போன் ஒன்று போதும். இடது, வலது பிரிவு தெளிவாகத் தெரியும்.

2. பரணில் இருக்கும் பழைய ஹோம் தியேட்டர்: நம்ம ஊரில் பல வீடுகளில் அசெம்பிள் செய்த 5.1 செட் தூசி படிந்து கிடக்கும். அதைக் கீழே இறக்குங்கள். டிவியில் ஹெட்போன் துளை இருந்தால் சாதாரண ஆக்ஸ் வயரே போதும். இல்லாவிட்டால் டிவியின் 'ஆப்டிகல்' துளையிலிருந்து இணைக்க, சில நூறு ரூபாய்க்கு 'டிஜிட்டல் டு அனலாக்' கன்வெர்ட்டர் கிடைக்கும். அதை மாட்டியதும் டிவியின் ஆடியோ செட்டிங்கில் 'பிசிஎம்' என்பதைத் தேர்ந்தெடுக்கணும். இதைச் செய்யாமல், "சத்தமே வரலை, கன்வெர்ட்டர் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

3. சவுண்ட்பார்: புதிதாக வாங்குவதாக இருந்தால் தனி சப்வூஃபர் உள்ளதாகப் பாருங்கள். டிவியில் 'எச்டிஎம்ஐ ஏஆர்சி' என்று எழுதியிருக்கும் துளையில்தான் மாட்டணும்.

4. ப்ளூடூத்தில் கவனம்: ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமாக வரலாம். செய்தியில் அது பெரிதாகத் தெரியாது. ட்ரம்ஸில் உடனே தெரியும்: குச்சி விழுந்த பிறகு சத்தம் வரும். டிவி செட்டிங்கில் 'ஏவி சிங்க்' இருந்தால் சரிசெய்யலாம். முடியாவிட்டால் வயருக்கு மாறுங்கள்.

5. 'நைட் மோட்', 'கிளியர் வாய்ஸ்' ஆஃப்: இவை பேச்சைத் தூக்கிக் காட்டி, உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருபவை. பொம்பெயி படத்தின் உயிரே மெல்லிசாகத் தொடங்கி மலையாக எழுவதில் இருக்கிறது. அதைத் தட்டையாக்கிவிட்டால் பார்ப்பதற்கே அர்த்தம் இல்லை.

படம் ஏன் சீரியல் மாதிரி தெரிகிறது?

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் எடுக்கப்படுகிறது. புது டிவிகள் இடையில் இல்லாத ஃபிரேம்களைத் தானாகவே உருவாக்கிச் செருகும். கிரிக்கெட்டுக்கு அது நல்லது. பழைய படத்துக்கு அது வினை, எல்லாமே மெகா சீரியல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று இதற்குப் பெயர். ஆஃப் செய்யுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே பெரும்பாலும் போதும்.

இன்னொன்று: பழைய படங்களில் திரையின் ஓரங்களில் கறுப்புப் பட்டை வரலாம். ரிமோட்டில் 'ஜூம்' போட்டுத் திரையை நிரப்பாதீர்கள். கேமராமேன் பார்த்துப் பார்த்து எடுத்ததில் மேலும் கீழும் வெட்டுப்பட்டுவிடும்.

டேட்டா எவ்வளவு தீரும்?

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே தரத்தில் 7 ஜிபி வரை ஆகும். மற்றத் தளங்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான். நீண்ட வடிவத்தில் இந்தப் படம் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். தினமும் 1.5 அல்லது 2 ஜிபி தரும் மொபைல் பேக்கை ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் ஓட்டினால், எச்டியிலேயே பாதியில் நின்றுவிடும். பிராட்பேண்ட் இல்லாதவர்கள், டவுன்லோடு வசதி உள்ள தளமாக இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்து முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

எங்கே பார்ப்பது? ஓடிடி தளங்களில் இப்படிப்பட்ட படங்கள் வரும், போகும். தேடும்போது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளூ-ரே பிளேயர் இருந்தால் டிஸ்க்தான் ஒலிக்குச் சிறந்தது. காசே செலவழிக்காமல் ருசி பார்க்க, இசைக்குழுக்களின் அதிகாரபூர்வ யூடியூப் சேனல்களில் தனித்தனிப் பாடல்கள் கிடைக்கும். டெலிகிராமில் சுற்றும் கள்ளப் பிரதியைத் தவிருங்கள். சட்டத்தை விடுங்கள், அதில் ஒலியைப் பிழிந்து சக்கையாக்கி இருப்பார்கள். இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் வீணாகும்.

இங்கிலீஷ் தெரியாவிட்டால்?

கவலையே வேண்டாம். இந்தப் படத்தில் பாட்டு வரிகள் குறைவு, வாத்திய இசைதான் அதிகம். 'எக்கோஸ்' 23 நிமிடத்துக்கு மேல் நீளும் பாடல். அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் படத்தின் தொடக்கத்திலும் மறுபாதியை முடிவிலும் வைத்திருக்கிறார்கள். மூன்று நிமிட சினிமாப் பாட்டுக்குப் பழகிய காதுக்கு முதலில் "எப்பத்தான் பாட்டு ஆரம்பிக்கும்?" என்று தோன்றும். ராக ஆலாபனை கேட்கிற பொறுமையோடு உட்காருங்கள். நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தைக் கோயில் வாசலில் விரித்துக்கொண்டே போவது போலத்தான் இதுவும். நடுவில் ஒரு நாய் ஊளையிட்டுப் 'பாடும்' காட்சிகூட உண்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த இடத்தில் கூப்பிடுங்கள்.

சில எளிய யோசனைகள்:

- ராத்திரி சாப்பாடு முடிந்து, ஹால் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஃபேன் சத்தத்தையும் ஒரு புள்ளி குறையுங்கள்.
- போனை வேறு ரூமில் வையுங்கள்.
- வால்யூமை முதல் மெல்லிய பகுதியில் தூக்கிவிடாதீர்கள். பின்னால் வரும் உரத்த பகுதியில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். உரத்த பகுதிக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, மெல்லிய இடத்தில் நீங்கள் காதைக் கூர்மையாக்குங்கள்.
- நீங்கள் உட்காரும் இடமும் இரண்டு ஸ்பீக்கர்களும் முக்கோணமாக அமைந்தால் ஒலி நன்றாகப் பிரியும்.

அப்படியென்றால் நேரில் பார்ப்பதற்கு மதிப்பே இல்லையா?

நிச்சயம் இருக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துவது, நெஞ்சில் வந்து மோதும் ட்ரம்ஸ், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரின் தோளில் கை போடுவது, இதையெல்லாம் எந்த டிவியும் தராது. டேவிட் கில்மரே 2016 ஜூலையில் அதே பொம்பெயி அரங்கத்துக்குத் திரும்பி வந்து கச்சேரி செய்தார், இந்த முறை பார்வையாளர்களோடு. அதுவும் படமாக வந்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கூட்டம் இசைக்கு என்ன சேர்க்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்பது நன்றாகப் புரியும்.

ஆனால் நேரில் போக முடியாதவருக்குக் கிடைப்பது மிச்சம் மீதி என்று நினைக்கத் தேவையில்லை. கச்சேரிப் படம் என்பதே, அங்கே இல்லாதவருக்காக எடுக்கப்பட்டது. 20 ஆயிரம் இருக்கைகளைக் காலியாக வைத்துக்கொண்டு அந்த நான்கு பேரும் யாருக்காக வாசித்தார்கள்? என்றாவது ஒருநாள், எங்கோ ஓர் ஊரில் படத்தைப் போட்டு உட்காரப் போகிறவருக்காகத்தான். கன்வெர்ட்டர் வயரை ஒழுங்காக மாட்டுவது மட்டும் நம்ம வேலை.